எஸ்-கார்ப்பும் ரியல் எஸ்டேட்டும்: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

டாலஸுக்கு வடக்கே ஃப்ரிஸ்கோவில் வரிக்கணக்கு தயாரித்துக் கொடுப்பது என் பிழைப்பு. வருகிறவர்களில் பாதிப் பேர் நம்மவர்கள். பகலில் ஐடி வேலை, சனி ஞாயிறில் வீடு விற்றுக் கொடுப்பது, இல்லையென்றால் இரண்டு மூன்று வாடகை வீடுகள். பிப்ரவரி பிறந்துவிட்டால் போதும், “ஃப்ரெண்டு ஒருத்தர் எஸ்-கார்ப் போடச் சொன்னார்” என்று ஆரம்பித்துவிடுவார்கள். ஒரே பதிலைச் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய் எழுதிவைத்தது இது. எண்கள் 2025 வரி ஆண்டுக்கானவை.

எங்கிட்ட ஏற்கெனவே எல்எல்சி இருக்கே, அப்புறம் எதுக்கு எஸ்-கார்ப்?

இரண்டும் வேறு வேறு. எல்எல்சி என்பது மாநிலச் சட்டப்படி நீங்கள் தொடங்கும் நிறுவனம். யாராவது வழக்குப் போட்டால் உங்கள் சொந்தச் சொத்துக்கு அது வேலி. எஸ்-கார்ப் என்பது அந்த நிறுவனத்துக்கு எப்படி வரி போடவேண்டும் என்று அமெரிக்க வருமானவரித் துறையான ஐஆர்எஸ்ஸிடம் நீங்கள் சொல்லும் ஒரு தேர்வு. 1958-இல் வருமானவரிச் சட்டத்தில் சேர்த்த ‘சப்சாப்டர் எஸ்’ என்ற பகுதியிலிருந்து வந்த பெயர். எல்எல்சியை அப்படியே வைத்துக்கொண்டு படிவம் 2553 ஒன்றை அனுப்பினால் அது வரிக்கு எஸ்-கார்ப் ஆகிவிடும்.

ஆனபிறகு, லாபத்துக்கு நிறுவனம் தனியாகக் கூட்டரசு வரி கட்டாது. லாபம் கே-1 என்ற தாள் வழியாக உங்கள் சொந்த வரிக்கணக்குக்கு வந்துவிடும். வழக்கிலிருந்து கூடுதல் பாதுகாப்பு எதுவும் இதனால் கிடைப்பதில்லை; அது எல்எல்சியிலேயே முடிந்த கதை.

நான் ரியல் எஸ்டேட்ல இருக்கேன். எனக்கு எஸ்-கார்ப் லாபமா, இல்லையா?

“ரியல் எஸ்டேட்” என்று பொதுவாகச் சொன்னால் பதில் கிடையாது. பணம் எப்படி வருகிறது என்று சொல்லுங்கள். வீடு விற்றுக் கொடுத்துக் கமிஷன், பழைய வீட்டை வாங்கிச் சரிசெய்து விற்கும் ஃப்ளிப், அடுத்தவர் வீட்டைப் பராமரித்துக் கட்டணம்: இவை உழைத்துச் சம்பாதிக்கும் பணம். இதற்குச் சுயதொழில் வரி உண்டு, 15.3 சதவீதம். எஸ்-கார்ப் குறைப்பது இந்த வரியைத்தான், வேறு எதையும் இல்லை.

வாடகை அப்படி இல்லை. சொந்த வீட்டை மாதக்கணக்கில் வாடகைக்கு விட்டு வரும் பணத்துக்குச் சட்டப்படியே சுயதொழில் வரி கிடையாது. இல்லாத வரியை எஸ்-கார்ப் எப்படி மிச்சம் பிடிக்கும்? பயன் ஏதும் இல்லை என்பதோடு கெடுதலும் உண்டு, அது கீழே வருகிறது.

கமிஷன்தான் வருது. கணக்கு போட்டுக் காட்டுங்களேன்.

செலவெல்லாம் போக 1,20,000 டாலர் நிகர கமிஷன் என்று வைத்துக்கொள்வோம். தனி ஆளாகக் காட்டினால் அதில் 92.35 சதவீதத்துக்கு 15.3 சதவீதம், ஏறத்தாழ 16,955 டாலர் சுயதொழில் வரி. எஸ்-கார்ப் போட்டு 60,000 சம்பளமாகவும் மிச்சத்தை லாபப் பங்காகவும் எடுத்தால், சம்பளத்துக்கு மட்டும் 15.3 சதவீதம்: 9,180. வித்தியாசம் 7,775 டாலர். யூடியூபில் காட்டும் கணக்கு இந்த இடத்தில் நின்றுவிடும்.

நாம் தொடர்வோம். தனி ஆளாக இருந்தபோது தொழில் வருமானத்தில் 20 சதவீதத்தைக் கழித்துக்கொள்ளும் சலுகை (கியூபிஐ) ஏறத்தாழ முழு லாபத்துக்கும் கிடைத்தது. இப்போது சம்பளமாக எடுத்த பகுதிக்கு அது கிடையாது. சுயதொழில் வரியில் பாதியைக் கழிப்பதும் குறைகிறது. 22 சதவீதப் படியில் இருப்பவருக்கு இவை இரண்டாலும் வருமான வரி ஏறத்தாழ 3,300 டாலர் கூடுகிறது. மிச்சம் 4,450 போல. சம்பளப் பட்டியல் பார்க்கும் பேரோல் கம்பெனிக்கு, எஸ்-கார்ப்புக்கென்று தனியாக 1120-எஸ் வரிக்கணக்குத் தயாரிக்க, வேலையின்மைக் காப்பீட்டு வரிக்கு என்று வருடத்துக்கு 2,000 போய்விடும். கையில் நிற்பது 2,400 டாலர் போல, மாதம் 200. வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் 7,775 என்று நினைத்துக்கொண்டு வராதீர்கள்.

அப்போ எவ்வளவு வருமானத்துக்கு மேல போடலாம்?

அதே கணக்கை 80,000 லாபத்துக்கும் 45,000 சம்பளத்துக்கும் போட்டுப் பார்த்தேன். எல்லாம் போக மிஞ்சுவது பூஜ்யத்துக்குப் பக்கம். ஒரு லட்சத்தைத் தாண்டி, அதுவும் இரண்டு வருடம் தொடர்ந்து தாண்டினால் யோசிக்கலாம் என்பது என் வழக்கம். ஒரு வருடம் ஓஹோ என்று போய் அடுத்த வருடம் நாலு வீடு மட்டும் விற்கும் தொழில் இது. பேரோலும் 1120-எஸ்ஸும் அந்த நாலு வீட்டு வருடத்திலும் விடாது.

தம்பதியாகச் சேர்ந்து காட்டும் வரிக்குரிய வருமானம் 3,94,600 டாலரைத் தாண்டுகிறவர்களுக்குக் கணக்கு மாறும். அங்கே 20 சதவீதச் சலுகை, நிறுவனம் கொடுக்கும் சம்பளத்தை ஒட்டி அமையத் தொடங்கும். அதனால் டபிள்யூ-2 சம்பளம் (முதலாளி தரும் டபிள்யூ-2 படிவத்தில் வருவது) இருப்பது அனுகூலமாகவே ஆகலாம்.

ஐடி வேலை 1,80,000 சம்பளம். சைடுல ரியல்டர் வேலை, 60,000 வருது. எஸ்-கார்ப் போடட்டுமா?

வேண்டாம். அதிகம் பேர் சறுக்கும் இடம் இது. 15.3 சதவீதத்தில் 12.4 சோஷியல் செக்யூரிட்டி (அரசு ஓய்வூதியம்), 2.9 மெடிகேர் (முதியோர் மருத்துவக் காப்பீடு). சோஷியல் செக்யூரிட்டிக்கு உச்சவரம்பு உண்டு: 2025-இல் 1,76,100 டாலர். உங்கள் ஐடி சம்பளமே அதை நிரப்பிவிட்டது. ஆக, கமிஷனுக்கு நீங்கள் கட்டுவது 2.9 சதவீதமும், வருமானம் மிகுந்தால் கூடுதலாக 0.9 சதவீதமும்தான்.

எஸ்-கார்ப் போட்டுச் சம்பளம் எடுத்தால் என்ன ஆகும்? உங்கள் கம்பெனி புது முதலாளி. முதலாளி பங்கான 6.2 சதவீதத்தை அது மறுபடி முதலிலிருந்து கட்டவேண்டும். தொழிலாளியாக நீங்கள் அதிகம் கட்டியது வரிக்கணக்கில் திரும்பி வரும். முதலாளி பங்கு வராது. மிச்சம் பிடிக்கப் போய்ப் புது வரி கட்டிய கதையாகிவிடும்.

சம்பளமே எடுக்காம எல்லாத்தையும் லாபமா எடுத்துட்டா?

எல்லாருக்கும் ஒருநாள் தோன்றும் யோசனைதான். உழைக்கிற பங்குதாரர் நியாயமான சம்பளம் எடுத்தாக வேண்டும். அயோவாவில் ஒரு சிபிஏ (பட்டயக் கணக்காளர்) தன் எஸ்-கார்ப்பிலிருந்து வருடத்துக்கு 24,000 சம்பளம் எடுத்துக்கொண்டு, ஒன்றே முக்கால், இரண்டு லட்சத்தை லாபப் பங்காக எடுத்தார். வழக்கு மேல்முறையீடு வரை போய், 2012-இல் அவருடைய நியாயமான சம்பளம் 91,044 டாலர்தான் என்று உறுதியானது. குறைத்துக் காட்டிய சம்பளத்துக்கு வரி, வட்டி, அபராதம் எல்லாம் வந்தன. ‘வாட்சன் வழக்கு’ என்றால் வரித்தொழிலில் இருக்கும் எல்லாருக்கும் தெரியும்.

எவ்வளவு நியாயம் என்பதற்குச் சட்டத்தில் எண் கிடையாது. பாதிக்குப் பாதி என்று ஊரில் ஒரு விதி உலவுகிறது, அது ஐஆர்எஸ் சொன்னதில்லை. உங்கள் வேலையை வேறொருவரை வைத்துச் செய்தால் என்ன கொடுப்பீர்கள் என்று யோசித்து, அதற்கு ஆதாரமாக நாலு வேலை விளம்பரத்தையாவது ஃபைலில் போட்டுவையுங்கள். இன்னொன்று: சம்பளம் குறையக் குறைய, பிற்காலத்தில் வரும் சோஷியல் செக்யூரிட்டி ஓய்வூதியமும், சோலோ 401-கே என்ற ஓய்வுகாலச் சேமிப்பில் கம்பெனி போடக்கூடிய தொகையும் குறையும்.

ஃப்ளிப் பண்றவங்களுக்கு?

ஃப்ளிப்பருக்கு வீடு என்பது கடையில் இருக்கும் சரக்கு. தேய்மானம் கிடையாது, விற்ற பணத்தில் வேறு சொத்து வாங்கி வரியைத் தள்ளிப்போடும் 1031 மாற்று கிடையாது, ஒரு வருடத்துக்கு மேல் வைத்திருந்தாலும் நீண்டகால மூலதன லாபம் என்று காட்ட முடியாது. லாபம் முழுவதும் தொழில் வருமானம், சுயதொழில் வரி உண்டு. ஆகவே ஃப்ளிப்புக்கு எஸ்-கார்ப் பொருந்தும். மேலே சொன்ன கமிஷன் கணக்குதான் இதற்கும்.

ஃப்ளிப்பும் வாடகை வீடும் ஒரே எல்எல்சில வெச்சுக்கலாமா?

வேண்டாம். ஃப்ளிப்புக்கு ஒன்று, வாடகைக்கு வேறொன்று. ஒரே நிறுவனத்தில் கலந்தால், வருடக்கணக்கில் வாடகைக்கு விட்ட வீட்டை விற்கும்போதும் “இதுவும் உன் சரக்குதானே” என்று ஐஆர்எஸ் கேட்க இடம் கொடுக்கிறீர்கள். எஸ்-கார்ப் தேர்வு ஃப்ளிப் கம்பெனிக்கு மட்டும். வாடகை எல்எல்சிக்குப் படிவம் 2553 பக்கமே போகவேண்டாம்.

வாடகை வீட்டை எஸ்-கார்ப்ல வெச்சா அப்படி என்னதான் கெடுதல்? எல்லாரும் பயமுறுத்துறாங்க.

உள்ளே போவது எளிது, வெளியே எடுப்பதுதான் பாடு. எஸ்-கார்ப்பிலிருந்து வீட்டை உங்கள் பெயருக்கு மாற்றினால், அன்றைய சந்தை விலைக்கு விற்றதாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும். ஒரு டாலர்கூடக் கைக்கு வராது, வரி மட்டும் வரும். பாதிக்கு மேல் பங்கு உங்களுடையது என்றால், கட்டடத்தின் மேல் வந்த லாபத்துக்கு மூலதன லாபச் சலுகை விகிதம்கூடக் கிடைக்காது, சாதாரண வருமானமாகவே போகும். இதே வீடு, கூட்டாண்மையாக வரிக்கணக்குக் காட்டும் எல்எல்சியில் இருந்தால் பெரும்பாலும் வரியில்லாமல் வெளியே எடுத்துவிடலாம்.

என் கதையே இருக்கிறது. இந்தத் தொழிலுக்கு வருமுன், 2012-இல் பிளேனோவில் 1,60,000 டாலருக்கு ஒரு வீடு வாங்கினேன். அப்போது கணக்குப் பார்த்துத் தந்தவர் சொன்னார் என்று எஸ்-கார்ப் பெயரில் எழுதினேன். 2021-இல் வட்டி 3 சதவீதத்துக்கு இறங்கியபோது, 6 சதவீத வணிகக் கடனை மாற்றலாம் என்று போனேன். வீடு தனிநபர் பெயரில் இருந்தால்தான் அந்த வட்டிக்குக் கடன் என்றார்கள். சரி, மாற்றிவிடலாம் என்று உட்கார்ந்து கணக்குப் போட்டேன். வீட்டின் அன்றைய மதிப்பு 3,40,000. தேய்மானம் போக என் அடக்க விலை 1,18,000. ஆக 2,22,000 டாலர் லாபம், ஒரு கையெழுத்தில். பேனாவை மூடிவைத்துவிட்டேன்.

மார்ட்கேஜ் வாங்கின வீட்டுல தேய்மான நஷ்டம் வருது. அதை எஸ்-கார்ப் வழியா கழிச்சுக்க முடியாதா?

நீங்கள் போட்ட பணம், கம்பெனிக்கு நீங்களே நேரடியாகக் கொடுத்த கடன்: இவற்றின் அளவுக்குத்தான் முடியும். வங்கி கம்பெனிக்குக் கொடுத்த மார்ட்கேஜ் எஸ்-கார்ப்பில் உங்கள் பேசிஸில் (நஷ்டம் கழிக்க உங்கள் முதலீடாக எடுத்துக்கொள்ளும் தொகையில்) சேராது. நீங்கள் ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தாலும் அப்படித்தான். கூட்டாண்மை எல்எல்சியில் அந்தக் கடனில் உங்கள் பங்கு சேரும். முன்பணம் குறைவாகவும் கடன் அதிகமாகவும் வாங்கும் வாடகை வீட்டுக்கு இது பெரிய வித்தியாசம். வாடகை நஷ்டத்துக்கு உரிய மற்றக் கட்டுப்பாடுகள் இரண்டு பக்கமும் உண்டு.

நான் போனப்புறம் பிள்ளைகளுக்குத்தானே? அப்போ வரி இல்லைன்னு சொல்றாங்களே.

வீடு உங்கள் சொந்தப் பெயரில் இருந்தால், நீங்கள் காலமான நாளின் சந்தை விலையே பிள்ளைகளுக்கு அடக்க விலையாகிவிடும். மறுநாள் விற்றாலும் லாப வரி ஏறக்குறைய இல்லை. எஸ்-கார்ப்பில் இருந்தால் அந்தப் புதுவிலை பங்குகளுக்குத்தான், உள்ளே இருக்கும் வீட்டுக்கு இல்லை. கூட்டாண்மையில் வீட்டுக்கும் அதை நீட்டித்துக்கொள்ள 754 என்று ஒரு தேர்வு உண்டு. எஸ்-கார்ப்புக்கு அது கிடையாது.

நாங்க நாலு நண்பர்கள். ஒருத்தர் பணம் போடுவார், மத்தவங்க உழைப்போம். பணம் போட்டவருக்கு முதல்ல 8 சதவீதம், அப்புறம் மிச்சத்தைப் பிரிச்சுக்கலாம்னு...

எஸ்-கார்ப்பில் செய்ய முடியாது. பங்கு ஒரே வகையாக இருக்கவேண்டும். லாபமும் பங்கு விகிதப்படியே போகவேண்டும். வாக்குரிமையில் வேறுபாடு வைக்கலாம், பணத்தில் கூடாது. நீங்கள் சொல்வது கூட்டாண்மைக்கு அளவெடுத்துத் தைத்த ஏற்பாடு, அதிலேயே வைத்துக்கொள்ளுங்கள். பங்குதாரர் எண்ணிக்கைக்கு 100 என்ற வரம்பும் உண்டு. நம்மில் யாரும் அதை எட்டிப் பார்த்ததில்லை.

சென்னையில இருக்குற அப்பாவையோ தம்பியையோ பங்குதாரராச் சேர்க்கலாமா?

கூடாது. வரிச் சட்டப்படி அமெரிக்காவில் வசிக்காத அயல்நாட்டவர் ஒரே ஒரு பங்கு வைத்திருந்தாலும், அந்த நாளிலிருந்து எஸ்-கார்ப் தகுதி போய்விடும். நிறுவனம் சாதாரண சி-கார்ப் ஆகி, லாபத்துக்கு அங்கே 21 சதவீதம், நீங்கள் எடுக்கும்போது டிவிடெண்ட் வரி வேறு.

டெக்சஸ், கலிஃபோர்னியா, வாஷிங்டன், அரிசோனா போன்ற மாநிலங்களில் இன்னொரு கண்ணி இருக்கிறது. திருமணத்துக்குப் பிறகு சம்பாதித்தது கணவன் மனைவி இருவருக்கும் பொது என்பது அங்கே சட்டம். மனைவி பெயர் எந்தத் தாளிலும் இல்லாவிட்டாலும் அவருக்கும் பங்கு உண்டு. அவர் இன்னும் கோயம்புத்தூரில்தான் இருக்கிறார், இங்கே வரவே இல்லை என்றால் தகுதியே இடிக்கும். இங்கே வசிக்கும் மனைவி என்றால் சிக்கல் இல்லை, ஆனால் படிவம் 2553-இல் அவரும் ஒப்புதல் கையெழுத்துப் போடவேண்டும். அது விட்டுப்போய்த் திண்டாடும் படிவங்கள் வருடத்துக்கு ரெண்டாவது என் மேசைக்கு வந்துவிடும்.

நான் எச்-1பி வேலை விசால இருக்கேன். எஸ்-கார்ப் வெச்சுக்கலாமா?

வரிச் சட்டம் குறுக்கே நிற்காது. போதுமான நாட்கள் இங்கே இருந்து வரிக்கு ‘ரெசிடென்ட்’ ஆகிவிட்டால் பங்குதாரராக இருக்கலாம். குறுக்கே நிற்பது குடியேற்றச் சட்டம்: எச்-1பியில், மனு போட்ட முதலாளியிடம் மட்டுமே வேலை செய்ய அனுமதி. எஸ்-கார்ப்போ, உழைத்தால் சம்பளம் எடு என்கிறது (வாட்சன் கதை நினைவிருக்கட்டும்). சொந்தக் கம்பெனியின் டபிள்யூ-2 என்பது அனுமதியில்லாத வேலைக்கு நீங்களே எழுதிக்கொடுக்கும் சாட்சி. குடியேற்ற வழக்கறிஞரைப் பார்த்துவிட்டு என்னிடம் வாருங்கள்.

நிரந்தரமாக ஊருக்குத் திரும்பும் திட்டம் இருந்தால், விமானம் ஏறுமுன் எஸ்-கார்ப்பை ஒரு வழி செய்துவிடுங்கள். நீங்கள் ‘ரெசிடென்ட்’ இல்லாமல் ஆகும் நாள், முந்தைய பதிலில் சொன்ன அதே விபத்து உங்களாலேயே நடக்கும்.

படிவம் எப்போ அனுப்பணும்? நான் மார்ச்சை விட்டுட்டேன்.

இந்த வருடம் ஜனவரி 1 முதலே வேண்டுமென்றால் மார்ச் 15-க்குள். புது நிறுவனம் என்றால் தொடங்கி இரண்டு மாதம் 15 நாளுக்குள். விட்டுவிட்டால் குடி முழுகிவிடாது: நியாயமான காரணம் எழுதி, எல்லாரும் எஸ்-கார்ப் போலவே கணக்குக் காட்டியும் வந்திருந்தால், மூன்று வருடம் 75 நாள் வரை தாமதத்தை ஏற்க 2013-இல் வந்த ஒரு நடைமுறை இருக்கிறது. ஏற்றுக்கொண்டதும் ஐஆர்எஸ்ஸிலிருந்து சிபி261 என்று ஒரு கடிதம் வரும். அதைத் தொலைக்காதீர்கள், வங்கி கேட்கும்.

1120-எஸ் கணக்குக்கும் மார்ச் 15-தான் கெடு, ஏப்ரல் 15 இல்லை. வரி பாக்கி பூஜ்யமாக இருந்தாலும் தாமத அபராதம் உண்டு. மாதத்துக்கு, ஒவ்வொரு பங்குதாரருக்கும், 250 டாலர் அளவில்.

மாநில வரி?

இடத்துக்கு இடம் மாறும். டெக்சஸில் தனிநபர் வருமான வரி இல்லை. ஃப்ரான்சைஸ் வரி எல்எல்சிக்கும் எஸ்-கார்ப்புக்கும் பொது, நம் அளவு வருமானத்துக்கு வராது. கலிஃபோர்னியா எஸ்-கார்ப் லாபத்தில் 1.5 சதவீதம் எடுத்துக்கொள்ளும், நஷ்டமே ஆனாலும் பொதுவாக 800 டாலர் குறைந்தபட்சம். நியூயார்க் நகரம் எஸ்-கார்ப் என்பதையே ஏற்பதில்லை. நகரத்துக்குள் தொழில் செய்தால் கம்பெனி வரி 8.85 சதவீதம். குயின்ஸில் கமிஷன் வாங்கும் ஒருவருக்கு, மேலே போட்ட கணக்கில் மிஞ்சிய 2,400 அதிலேயே கரைந்துவிடும்.

என் புரோக்கர் கம்பெனி பேர்ல கமிஷன் தரமாட்டேங்கிறார்.

அவர் மேல் தப்பில்லாமல் இருக்கலாம். பல மாநிலங்களில் லைசென்ஸ் உள்ளவருக்குத்தான் கமிஷன் கொடுக்கலாம். உங்கள் நிறுவனத்துக்கும் லைசென்ஸோ பதிவோ தேவைப்படலாம். படிவம் 2553 அனுப்புவதற்கு முன்னால் கேட்கவேண்டிய கேள்வி இது. கமிஷனுக்கான 1099 படிவம் உங்கள் சொந்த வரி எண்ணில் வந்தால், அதைக் கம்பெனி வருமானம் என்று காட்டுவது பலவீனமான வாதம்.

போட்டது தப்புன்னு தெரிஞ்சா எஸ்-கார்ப்பை ரத்து பண்ணிடலாமா?

பண்ணலாம். பாதிக்கு மேல் பங்கு வைத்திருப்பவர்கள் கையெழுத்திட்டு ஒரு கடிதம் அனுப்பினால் போதும். ஆனால் ரத்து செய்தவுடன் பழைய எல்எல்சி ஆகிவிடுவீர்கள் என்று நினைக்கவேண்டாம், சி-கார்ப்தான் ஆவீர்கள். திரும்ப எஸ்-கார்ப் வேண்டுமென்றால் ஐஆர்எஸ் தனியாக அனுமதித்தால் ஒழிய ஐந்து வருடம் காத்திருக்கவேண்டும்.

கமிஷன் கம்பெனி என்றால் கணக்கை முடித்து மூடிவிடலாம். உள்ளே இருப்பது ஒரு லேப்டாப்பும் வங்கியில் கொஞ்சம் பணமும். உள்ளே வீடு இருந்தால், கம்பெனியைக் கலைப்பதும் வீட்டை வெளியே எடுப்பதும் ஒன்றுதான். சந்தை விலைக்கு விற்றதாகவே கணக்கு. பிளேனோ வீட்டை என்ன செய்தீர்கள் என்று கேட்பவர்களுக்கு: இன்னும் எஸ்-கார்ப்புக்குள்தான் இருக்கிறது, 6 சதவீதக் கடனோடு. வாடகைக்கு இருக்கும் குடும்பம் நல்ல குடும்பம்.